‘தி’ என்னும் சிறுசொல்: 1917 முதல் 1978 வரை

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலம் கற்போர் பெரும்பாலும் இரண்டு இடங்களில் இடறுவர். பெயர்ச்சொல்லின் முன் ‘எ’ இடுவதா, ‘தி’ இடுவதா, ஒன்றும் இடாமல் விடுவதா என்பது முதல் இடம். ஒரே பொருளுடையன போலத் தோன்றும் இரு சொற்களுள் எது பொருந்தும் என்பது இரண்டாம் இடம். இவ்விரண்டையும் பள்ளித் தேர்வுத்தாளில் அரை மதிப்பெண் பெறும் சிறுபிழைகளாகவே நாம் கருதிப் பழகியுள்ளோம். இருபதாம் நூற்றாண்டின் அரசியல் ஆவணங்களைப் புரட்டுவோர்க்கு வேறொரு காட்சி கிடைக்கிறது. ஒரு ‘தி’ விடுபட்டதனால் நிலப்பரப்புகளின் உரிமை ஐயத்திற்குள்ளாயிற்று. ஒரு சொல்லுக்கு மாற்றாக அதன் அண்டைச்சொல் இடப்பட்டதனால் மனிதர்கள் சிறையிலேயே இருக்க நேர்ந்தது.

தமிழில் ‘ஆர்ட்டிகிள்’ இல்லை என்பது உண்மை. ஆனால் அது செய்யும் வேலை தமிழில் இல்லை என்று கொள்வது தவறு. ‘புத்தகம் வாங்கினான்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தை வாங்கினான்’ என்றால் கேட்பவரும் சொல்பவரும் முன்னரே அறிந்த ஒரு புத்தகம். ஆங்கிலம் ‘தி’ கொண்டு செய்வதைத் தமிழ் இங்கே இரண்டாம் வேற்றுமை உருபு கொண்டு செய்கிறது. ‘இன்னது என்று நாம் இருவரும் அறிவோம்’ என்ற உடன்பாடே ‘தி’யின் உள்ளீடு. அவ்வுடன்பாடு இல்லாத இடத்தில் அச்சொல்லை இடவும் முடியாது. இட்டால் இல்லாத உடன்பாட்டை இருப்பதாகக் காட்டிவிடும். அரசதந்திரிகள் இச்சொல்லுக்கு அஞ்சியதன் காரணம் இதுவே.

1. பாதுகாப்பு அவை, நவம்பர் 22, 1967

1967 ஜூன் மாதம் ஆறு நாட்கள் நடந்த போரில் சினாய், காசா, மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், கோலான் மேடு ஆகியவற்றை இஸ்ரேல் கைப்பற்றியது. ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை பல மாதங்கள் இழுபறிப்பட்டு, நவம்பர் 22 அன்று 242ஆம் தீர்மானத்தை 15 உறுப்பினரும் ஒருமனதாக ஏற்க நிறைவேற்றியது. வரைவை முன்வைத்தவர் பிரிட்டனின் தூதர் கேரடன் பிரபு.

தீர்மானத்தின் ஆங்கிலப் பாடம், அண்மைப் போரில் கைப்பற்றப்பட்ட ‘டெரிட்டரீஸ்’ என்பவற்றிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டும் என்கிறது. ‘தி டெரிட்டரீஸ்’ என்று இல்லை. ‘ஆல்’ என்ற சொல்லும் இல்லை. எல்லாப் பகுதிகளிலிருந்துமா, சில பகுதிகளிலிருந்து மட்டுமா என்ற வினா அன்றே எழுந்தது, இன்றும் ஓயவில்லை.

இந்த விடுபடலை அன்றே கண்டு அவையில் பேசியவர்களுள் முன்னின்றவர் ஒரு தமிழர். 1967, 68 ஆண்டுகளில் இந்தியா பாதுகாப்பு அவையின் நிரந்தரமற்ற உறுப்பினராக இருந்தது. அங்கு இந்தியாவின் பேராளர் சென்னையில் பிறந்த ஜி. பார்த்தசாரதி, முன்னர் ‘தி இந்து’ நாளிதழில் பணியாற்றியவர், சென்னை அணிக்காக ரஞ்சிக் கோப்பையில் ஆடியவர், பின்னர் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானவர். இந்தியா, மாலி, நைஜீரியா ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து முன்னதாக அளித்த வரைவில் ‘ஆல் தி டெரிட்டரீஸ்’ என்ற தொடர் ஐயத்திற்கு இடமின்றி இருந்தது. அவ்வரைவு வாக்கெடுப்புக்கு வலியுறுத்தப்படவில்லை. பிரிட்டிஷ் வரைவுக்கு வாக்களிக்கும் முன், கைப்பற்றிய எல்லாப் பகுதிகளிலிருந்தும் முழுமையாக விலகுவதற்கே இத்தீர்மானம் அவையைக் கட்டுப்படுத்துகிறது என்ற புரிதலின் பேரிலேயே இந்தியா வாக்களிக்கிறது என்று பார்த்தசாரதி பதிவு செய்தார்.

கேரடன் பிரபு அப்புரிதலை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் கருத்தைக் கூற உரிமை உண்டு. எனினும் கட்டுப்படுத்துவது தீர்மானத்தின் சொற்கள் மட்டுமே என்றார். 1949ஆம் ஆண்டுப் போர்நிறுத்தக் கோடுகள், படைகள் தற்செயலாக நின்ற இடங்களில் வரையப்பட்டவை என்றும், அவற்றில் சிறு திருத்தம் செய்ய இடம் வைக்கவே ‘தி’யை அறிந்தே விட்டதாகவும் அவர் பிற்காலத்தில் வெளிப்படையாகவே கூறினார்.

பிரெஞ்சுப் பாடம் சிக்கலை இன்னும் வளர்த்தது. அவையின் அலுவல் மொழிகளாக அந்நாளில் இருந்தவை ஆங்கிலமும் பிரெஞ்சும். பிரெஞ்சுப் பாடத்தில் ‘டெரிட்டரீஸ்’ என்பதற்கு இணையான சொல்லின் முன் ‘தே’ என்ற வடிவம் நிற்கிறது. ‘இலிருந்து’ என்ற பொருள் தரும் இடைச்சொல்லும், ‘தி’க்கு நிகரான பன்மைச் சுட்டும் ஒன்றாய்ப் புணர்ந்த வடிவம் அது. ஆகவே பிரெஞ்சில் படிப்பவர்க்கு ‘அப்பகுதிகளிலிருந்து’ என்ற பொருளே இயல்பாகத் தோன்றும். ஒரே தீர்மானம் ஒரு மொழியில் சுட்டோடும் இன்னொரு மொழியில் சுட்டின்றியும் நிற்கிறது. அவையில் இந்தியாவைப் போன்றே முழு விலகல் என்று பொருள்கொண்ட சோவியத் ஒன்றியத்தின் மொழியாகிய ருஷ்யத்திலோ, தமிழைப் போலவே, ‘ஆர்ட்டிகிள்’ என்பதே கிடையாது.

இலக்கண நோக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘தி’ இல்லாத பன்மைக்குச் ‘சில’ என்பதுதான் பொருள் என்ற வாதம் பலமுறை முன்வைக்கப்பட்டுள்ளது. ஆங்கில வழக்கு அதற்கு முழுத்துணை நிற்பதில்லை. கோயில் வாசலில் ‘காலணிகளை வெளியே விடுக’ என்ற அறிவிப்பு ஆங்கிலத்தில் ‘தி’ இல்லாமலே எழுதப்படும். அதனைப் படித்துவிட்டுச் ‘சில காலணிகளை மட்டும் விட்டால் போதும்’ என்று எவரும் உள்ளே நடப்பதில்லை. சுட்டில்லாப் பன்மை ‘எல்லாம்’ என்றும் சொல்வதில்லை, ‘சில’ என்றும் சொல்வதில்லை. சூழலிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. தீர்மானத்தின் முகப்பில், போரின் மூலம் நிலம் பெறுதல் ஏற்கத்தக்கதன்று என்ற கொள்கை கூறப்பட்டுள்ளது. அதையே சூழலாகக் கொள்வோர் ‘எல்லாம்’ எனப் படிக்கின்றனர். பாதுகாப்பான, ஏற்கப்பட்ட எல்லைகள் என்று பின்னால் வரும் தொடரைச் சூழலாகக் கொள்வோர் ‘பேசி முடிவு செய்யப்படும் அளவு’ எனப் படிக்கின்றனர்.

அவ்வையம் இல்லாதிருந்தால் 15 வாக்குகளும் ஒருசேர விழுந்திருக்குமா என்பது வேறு கேள்வி. இரு தரப்பும் தத்தம் பொருளை ஏற்றிக்கொள்ளும் வெற்றிடமாக ‘தி’ இருந்த இடம் பயன்பட்டது. 1982இல் சினாய் எகிப்துக்குத் திரும்பியது. மேற்குக் கரையும் கிழக்கு ஜெருசலேமும் கோலானும் அவ்வாறு திரும்பவில்லை. அங்கு வாழ்வோர் இன்றுவரை அவ்வெற்றிடத்திற்குள்ளேதான் வாழ்கின்றனர்.

2. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்: ‘தி’ போய் ‘எ’ வந்தது

அதே நிலத்தைப் பற்றி 1917இல் எழுதப்பட்ட இன்னோர் ஆவணத்திலும் இதே சிறுசொல்லே மையம். 1917 ஜூலையில் சியோனிய இயக்கத்தினர் பிரிட்டிஷ் அரசிடம் அளித்த வரைவு, பாலஸ்தீனத்தை யூத மக்களின் ‘தி நேஷனல் ஹோம்’ ஆக மீண்டும் அமைக்க வேண்டும் என்றது. நவம்பர் 2 அன்று வெளியுறவு அமைச்சர் பால்ஃபர் கையொப்பமிட்ட இறுதி வடிவம், பாலஸ்தீனத்தில் யூத மக்களுக்கென ‘எ நேஷனல் ஹோம்’ அமைவதை அரசு ஆதரிக்கிறது என்றது.

முதல் வடிவில் பாலஸ்தீனம் முழுதும் தாயகம். இரண்டாம் வடிவில் பாலஸ்தீனத்துக்குள் ஒரு தாயகம். ‘தி’ இருந்த இடத்தில் ‘எ’ வந்தது, எழுவாய் இடமாகிய பாலஸ்தீனம் ஏழாம் வேற்றுமைக்கு இறங்கியது. 1922இல் சர்ச்சில் வெளியிட்ட வெள்ளை அறிக்கை இவ்வேறுபாட்டையே எடுத்துக்காட்டி, நாடு முழுவதையும் யூதத் தாயகமாக மாற்றுவது அறிவிப்பின் கருத்தன்று என்று விளக்கம் தந்தது.

சொல்தேர்வும் அவ்வாவணத்தில் கூர்மையானது. ‘ஸ்டேட்’ என்று எழுதாமல் ‘ஹோம்’ என்று எழுதினர். 1897 பாசெல் மாநாட்டிலேயே அரசு என்ற சொல்லைத் தவிர்த்து இல்லம் எனப் பொருள்படும் ஜெர்மன் சொல்லைத் தேர்ந்த மரபு அது. அங்கு பெரும்பான்மையினராக வாழ்ந்த அரபு மக்கள் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. ‘யூதரல்லாத சமூகங்கள்’ எனப்பட்டனர். அவர்களுக்குக் காக்கப்படுவன ‘சிவில்’ உரிமைகளும் சமய உரிமைகளும். அடுத்த தொடரில் பிற நாடுகளில் வாழும் யூதர்க்கு உறுதியளிக்கப்படும்போது ‘பொலிட்டிகல்’ என்ற சொல் வருகிறது. ஒரே வாக்கியத்தின் இரு கிளைகளில், ஒன்றில் அரசியல் என்ற சொல் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. அடுத்த முப்பது ஆண்டுகளின் பூசல் அவ்விடைவெளியில் விதைக்கப்பட்டது.

பிற நாட்டு யூதர்கள் பற்றிய அக்காப்புத் தொடருக்கு ஒரு பின்னணி உண்டு. தாயக அறிவிப்பை மிகக் கடுமையாக எதிர்த்தவர் அன்றைய அரசில் இடம்பெற்றிருந்த யூதரான எட்வின் மாண்டேகு. பாலஸ்தீனம் யூதரின் தாயகம் என்று அறிவித்தால், மற்ற நாடுகள் எல்லாம் தம் யூதக் குடிமக்களை அயலாராகக் கருதத் தொடங்கும் என்று 1917 ஆகஸ்ட் 23 தேதியிட்ட குறிப்பில் அவர் எச்சரித்தார். அப்போது அவர் வகித்த பதவி, இந்தியாவுக்கான அமைச்சர்.

3. மூன்று நாட்களுக்கு முன், அதே மாண்டேகு

அக்குறிப்புக்கு மூன்று நாட்கள் முன்னர், ஆகஸ்ட் 20 அன்று, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இந்தியாவின் எதிர்காலம் பற்றிய அறிவிப்பை வெளியிட்டவர் இதே மாண்டேகு. முந்தைய வரைவுகளில் இந்தியாவுக்கு இறுதி இலக்காகக் குறிக்கப்பட்டிருந்த சொல் ‘செல்ஃப் கவர்ன்மென்ட்’, அதாவது தன்னாட்சி. அச்சொல் பால்ஃபருக்கு உடன்பாடில்லை. கர்சன் பிரபு அதனை எடுத்துவிட்டு ‘ரெஸ்பான்சிபிள் கவர்ன்மென்ட்’ என்ற தொடரை இட்டார்.

ரெஸ்பான்சிபிள் என்றதும் பொறுப்புணர்வு மிக்க, பக்குவமான ஆட்சி என்று பொதுவாசகர் எண்ணக்கூடும். அரசியல் சட்ட வழக்கில் அதற்குத் தனிப்பொருள் உண்டு: தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்திற்கு அமைச்சர்கள் விடைசொல்லக் கடமைப்பட்டதும், அதன் நம்பிக்கையை இழந்தால் பதவி விலக வேண்டியதுமான ஆட்சி. கனடாவைப் பற்றிய 1839ஆம் ஆண்டு டர்ஹம் அறிக்கை முதல் நிலைபெற்ற பொருள் இது. வேகத்தைக் குறைப்பதாக எண்ணி இடப்பட்ட சொல், தன்னாட்சி என்ற தளர்வான சொல்லைவிட இறுக்கமான வாக்குறுதியாக அமைந்தது. 1919ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாக்குறுதியைப் பாதியளவில் செயற்படுத்தியது. கல்வி, உள்ளாட்சி போன்ற துறைகள் மன்றத்திற்குப் பொறுப்பான அமைச்சர்களிடமும், நிதி, காவல் போன்றவை ஆளுநரின் கையிலும் நின்றன. சென்னையில் நீதிக்கட்சி அமைச்சரவை உருவானது இவ்விரட்டையாட்சியின் கீழ்தான்.

1924 பிப்ரவரியில் மத்தியச் சட்டமன்றத்தில் சென்னையைச் சேர்ந்த திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார், இந்தியாவுக்கு முழுத் தன்னாட்சி கொண்ட டொமினியன் நிலை வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொணர்ந்தார். அரசின் சார்பில் விடையளித்த உள்துறை உறுப்பினர் மால்கம் ஹெய்லி, சொல்லாய்வையே கேடயமாக ஏந்தினார். 1917இல் வாக்களிக்கப்பட்டது ரெஸ்பான்சிபிள் கவர்ன்மென்ட். அது டொமினியன் நிலையினும் குறைந்ததாக, வரம்புக்குட்பட்ட அதிகாரமுள்ள மன்றத்தோடும் பொருந்தக்கூடியது என்றார். நெருங்கிய பொருளுடைய இரு சொற்களுக்கிடையே உள்ள சிறு இடைவெளியில் ஒரு நாட்டின் கோரிக்கை நிறுத்திவைக்கப்பட்டது. அவ்விடைவெளியை மூட 1929 அக்டோபர் 31 அன்று இர்வின் பிரபு, டொமினியன் நிலையை அடைவதே 1917 அறிவிப்பின் இயல்பான விளைவு என்று அறிவிக்க வேண்டியிருந்தது.

அதற்குள் காலம் கடந்துவிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் லாகூரில் கூடிய காங்கிரஸ், தன் அமைப்புவிதியில் உள்ள ‘சுயராஜ்யம்’ என்ற சொல்லுக்கு முழு விடுதலை என்பதே பொருள் என்று தீர்மானித்தது. பிறர் தரும் சொல்லுக்குப் பொருள் தேடிக்கொண்டிருந்தவர்கள், தம் சொல்லுக்குத் தாமே பொருள் வரையறுத்த நாள் அது.

4. தந்தையின் குழு, ஒரு கைதியின் வழக்கு

பார்த்தசாரதியின் தந்தை என். கோபாலசாமி அய்யங்கார், அம்பேத்கர் தலைமையிலான அரசியலமைப்பு வரைவுக்குழுவின் உறுப்பினர். மகன் நியூயார்க்கில் ‘தி’ குறித்து வாதிடுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்னர், தந்தை இருந்த குழு வேறொரு சொல்தேர்வை எதிர்கொண்டது.

உயிர், சுதந்திரம் ஆகியவற்றை ‘டியூ பிராசஸ் ஆஃப் லா’ இன்றிப் பறிக்கலாகாது என்று தொடக்க வரைவு கூறியது. அமெரிக்க அரசியலமைப்பின் தொடர் அது. சட்டம் ஒன்று இருந்தால் மட்டும் போதாது, அது நியாயமானதா என்றும் நீதிமன்றம் ஆராயலாம் என்ற பொருள் அதற்கு அங்கே படிந்திருந்தது. அரசியலமைப்பு ஆலோசகர் பி. என். ராவ் 1947 இறுதியில் அமெரிக்கா சென்றபோது நீதிபதி பெலிக்ஸ் பிராங்க்பர்ட்டரைச் சந்தித்தார். ஒரு சில நீதிபதிகள் மக்கள் மன்றத்தின் சட்டங்களைத் தடுக்க அத்தொடர் வழிவகுக்கிறது என்ற அவர் கருத்து ராவைப் பெரிதும் பாதித்தது. வரைவுக்குழு அத்தொடரை நீக்கி, ஜப்பானின் புதிய அரசியலமைப்பின் 31ஆம் உறுப்பைப் பின்பற்றி ‘புரொசீஜர் எஸ்டாப்ளிஷ்ட் பை லா’ என்று எழுதியது. அத்துடன் ‘லிபர்ட்டி’ என்பதன் முன் ‘பெர்சனல்’ என்ற அடையும் சேர்ந்தது.

‘பிராசஸ்’, ‘புரொசீஜர்’ இரண்டையும் நாம் நடைமுறை என்றே மொழிபெயர்த்துவிடக்கூடும். வேறுபாடு அவற்றைவிட ‘டியூ’ என்ற மூன்றெழுத்துச் சொல்லிலேயே இருக்கிறது. உரிய நடைமுறை என்பது நியாயத்தைக் கேட்கிறது. சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை என்பது, நிறுவப்பட்டதா என்று மட்டுமே கேட்கிறது. அரசியல் நிர்ணய அவையில் 1948 டிசம்பரில் இம்மாற்றத்திற்குப் பலத்த எதிர்ப்பு எழுந்தது. டிசம்பர் 13 அன்று விடையளித்த அம்பேத்கர், இரு தரப்பிலும் இடர் உண்டு என எடுத்துரைத்து முடிவை அவைக்கே விட்டார். புதிய தொடர் நிலைத்தது. அதன் விளைவை ஓரளவு ஈடுசெய்ய, கைது செய்யப்பட்டோர்க்கான காப்புகளைக் கூறும் உறுப்பு, இன்றைய 22ஆம் உறுப்பு, 1949 செப்டம்பரில் அவர் முயற்சியால் சேர்க்கப்பட்டது.

சில மாதங்களிலேயே சோதனை வந்தது. பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் 1947 டிசம்பர் முதல் சென்னை மாகாணச் சிறைகளில் இருந்தார். 1950ஆம் ஆண்டுத் தடுப்புக்காவல் சட்டத்தின் கீழ் அவரது காவல் தொடர்ந்தது. உச்ச நீதிமன்றத்தில் அவருக்காக வாதிட்ட எம். கே. நம்பியார், ‘லா’ என்பது மன்றம் இயற்றிய சட்டத்தை மட்டும் குறிப்பதன்று, இயற்கை நீதியின் நெறிகளையும் உள்ளடக்கியது என்றார். 1950 மே 19 அன்று பெரும்பான்மை நீதிபதிகள் அதனை ஏற்கவில்லை. ‘டியூ’ என்ற சொல்லை அவை அறிந்தே நீக்கியுள்ளபோது, அதன் பொருளைப் பின்வாசல் வழியே கொண்டுவர இயலாது என்பது அவர்கள் நிலைப்பாட்டின் சாரம். நீதிபதி பசல் அலி மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். சட்டத்தின் 14ஆம் பிரிவு செல்லாது எனப்பட்டது, கோபாலன் விடுவிக்கப்படவில்லை.

அந்நிலை மாற 28 ஆண்டுகள் ஆயின. 1978 ஜனவரி 25 அன்று மேனகா காந்தி வழக்கில், சட்டம் வகுக்கும் நடைமுறை நேர்மையும் நியாயமும் பொருத்தமும் உடையதாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அரசியலமைப்பின் சொற்களில் ஓரெழுத்தும் மாறவில்லை. விடுபட்ட ‘டியூ’வின் பொருள் மட்டும் திரும்பி வந்தது. அந்த இடைக்காலத்தில் தடுப்புக்காவலில் கழிந்த ஆண்டுகள் திரும்பவில்லை.

5. கற்போர் கேட்கும் கேள்வி

இந்நான்கு நிகழ்வுகளிலும் சொல்லைத் தேர்ந்தவர்கள் ஆங்கிலம் நன்கறிந்தவர்கள். பிழையால் ‘தி’ விடுபடவில்லை, அறியாமையால் ‘செல்ஃப்’ நீங்கவில்லை, கவனக்குறைவால் ‘டியூ’ மறையவில்லை. அவற்றின் விளைவைச் சுமந்தவர்களுள் மிகப்பலர், அப்பாடங்களை ஆங்கிலத்தில் படித்திராதவர்கள்.

இந்திய வாசகர்க்கு இது பழங்கதையன்று. அரசியலமைப்பின் 348ஆம் உறுப்பின்படி, நாடாளுமன்றம் வேறுவிதமாக விதிக்கும் வரை, சட்டங்களின் அதிகாரபூர்வப் பாடம் ஆங்கிலத்திலேயே அமைகிறது. ஒரு மாநிலம் தன் மொழியில் சட்டம் இயற்றினாலும், ஆளுநரின் அதிகாரத்தின் கீழ் வெளியிடப்படும் ஆங்கில மொழிபெயர்ப்பே அதன் அதிகாரபூர்வ ஆங்கிலப் பாடமாகக் கொள்ளப்படுகிறது. குத்தகை ஒப்பந்தத்திலும், நிலமெடுப்பு அறிவிக்கையிலும், பணிநீக்க ஆணையிலும் ‘எ’க்கும் ‘தி’க்கும் இடையே, ‘மே’க்கும் ‘ஷல்’லுக்கும் இடையே ஒருவரின் வீடும் வேலையும் நிற்கக்கூடும்.

வகுப்பறையில் எழுந்து ‘இந்த இடத்தில் தி வருமா?’ என்று கேட்கும் மாணவர், எது, எவ்வளவு, யாருக்குத் தெரிந்தது என்று கேட்கிறார். 1967 நவம்பரில் பார்த்தசாரதி பாதுகாப்பு அவையில் கேட்டதும் அதையேதான். அவருக்கு அன்று நேரான விடை கிடைக்கவில்லை. மாணவருக்காவது கிடைக்க வேண்டும்.